பத்திரமான தெரு

"ஐயோ!" என்று அலறிய லொரெய்ன், தலையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சைக்கிள் மேலேயே குனிந்தாள். ஆய்வை நடத்தும் லீஸ்பெத் பதறி ஓடினாள்.

சைக்கிள் சாயவில்லை. அது ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஓர் ஆய்வுக்கூடத் தரையோடு பொருத்தப்பட்டிருந்தது. தெரு ஓடியதெல்லாம் லொரெய்ன் கண்ணிலும் காதிலும் மாட்டியிருந்த கருவிக்குள்தான்.

தெருவில் லாரிகள் உரசிக்கொண்டு போகும் முதல் காட்சியில் இதே லொரெய்ன் சீட்டியடித்தபடி ஓட்டினாள். தினமும் சைக்கிளில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற நர்ஸ், லாரிக்கெல்லாம் அசருவாளா? கார் நுழையவே முடியாத, இருபுறமும் மரம் நிற்கும் சைக்கிள் தனிப்பாதையை அதே தெருவில் போட்டுக் காட்டும் இரண்டாம் காட்சியில்தான் இந்த அலறல். இதுவரை வந்த அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

பேராசிரியர் ஃபெர்கஸ் போனில் பொரிந்து தள்ளினார். "என்னம்மா இது? லாரிக்கு நடுவுல சிரிக்கிறாங்க, பத்திரமான பாதையில நடுங்குறாங்க! நாளைக்கு இதைக் காட்டினா, தனிப்பாதையே வேணாம்னு அதிகாரிங்க திட்டத்தை மூட்டை கட்டிடுவாங்க."

லீஸ்பெத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஹாலந்திலிருந்து வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லாரி ஓடும் அந்தத் தெருவுக்குத் தனிப்பாதை வாங்கித் தராமல் ஓயக்கூடாது என்றிருந்தாள். தனிப்பாதைக் காட்சியில் சத்தம்கூட அசலாக இருக்கட்டும் என்று செப்டம்பரில் அதே தெருவின் மரத்தடியில் போய்ப் பதிவு செய்தாள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை மைக்குக்குப் பக்கத்திலேயே வந்து கத்த, நல்ல சகுனம் என்று பூரித்தும் போனாள்.

நகத்தைக் கடித்தபடி திரையில் பாதையை அகலமாக்கினாள், வெளிச்சத்தைக் கூட்டினாள். "இன்னொரு தடவை ஓட்டுறீங்களா, ப்ளீஸ்?"

லொரெய்ன் ஓட்டினாள். அதே மரத்தடி வந்ததும் மறுபடி தலையைப் பொத்தினாள்.

லீஸ்பெத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "உண்மையைச் சொல்லுங்க லொரெய்ன். என் பாதையில அப்படி என்னதான் பயம்?"

லொரெய்ன் கருவியைக் கழற்றிவிட்டு, மேஜை மேலிருந்த தன் ஹெல்மெட்டை எடுத்துக் காட்டினாள். அதன் உச்சியில் பிளாஸ்டிக் பட்டைகள் முள்ளம்பன்றி மாதிரி குத்திட்டு நின்றன.

"இது எதுக்குன்னு நினைச்சே, அழகுக்கா? உன் பாதை ராஜபாட்டை, கண்ணு! ஆனா செப்டம்பர்ல கூட்டுல குஞ்சை வெச்சிருக்குற அந்தக் கறுப்பு வெள்ளை மேக்பை பறவை தலைக்கு மேல கத்துனா, குனியாம என்ன பண்றது? மண்டையைக் கொத்திப் பிச்சிடும்!"