சுண்ணாம்புக்கு அடியில் மீன்

ரோமாபுரி முற்றமொன்றின் கல்தொட்டியில் சலவைக்காரி ஓர்சொலா ஊரார் துணி வெளுக்கிறாள். அந்தத் தொட்டி யாரோ ஆதிக் கிறிஸ்தவரின் சவப்பெட்டி. முகப்பில், பைபிள் கதையில் வரும் யோனாவை விழுங்கும் பெரிய மீன் செதுக்கியிருக்கிறது. போப்புக்கு அடுத்த நிலைக் குருவான கர்தினாலின் பழஞ்சிற்பச் சேகரிப்புக்கு இப்படிப்பட்டவற்றை அள்ளிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேற்றுதான் மீனின்மேல் சுண்ணாம்பு பூசினாள். இப்போது கர்தினாலின் ஆள் எதிரில் நிற்கிறார். நிரம்பிய தொட்டி வழிகிறது. காயாத பூச்சு கரைந்து, காலை வெயிலில் மீனின் வால் துலங்குகிறது. ஈரப் போர்வையை அவசரமாக அதன்மேல் தொங்கவிடுகிறாள். "வெறுங்கல்லுங்கய்யா. எங்க பொழப்பே இதுலதான் ஓடுது." போர்வைக்கடியிலிருந்து பால்போல் தண்ணீர் கசிந்து, அவள் காலால் மறிக்க மறிக்க, அவருடைய கறுப்புச் செருப்பைத் தொடுகிறது. அவர் குனிந்து பார்க்கிறார். "வெறுங்கல்லுக்கு யாரும்மா சுண்ணாம்பு பூசுவாங்க?"