ரேலி மணியின் கார்

பொய் சொல்லியே பழக்கமில்லாத கௌதம், அன்றைக்குப் பாரூரில் ஒரு பொய் சொன்னான்.

அவனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. பழைய மாருதி 800 என்றால் உயிர். எந்த வருஷம் முகப்பு மாறியது, எந்த மாடலுக்கு என்ன கியர், அந்தக் குட்டி வண்டியை உரித்தெடுத்து ரேலிப் பந்தயத்துக்கு எப்படித் தயார் செய்தார்கள், எல்லாம் அத்துப்படி. போலியைப் பார்த்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். அதனாலேயே அவனுக்குச் சிநேகிதர்கள் குறைவு.

பாரூரிலிருந்து மங்கம்மா போன் செய்து, தன் வீட்டுக்காரர் மணியின் ரேலி காரை வந்து பார்க்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையே போய் நின்றான்.

மணி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குள் இன்னமும் அவர் 'ரேலி மணி'தான். வயசுக் காலத்தில் பெங்களூரில் இருந்தபோது பெரிய பெரிய ரேலிகளில் ஓட்டியவர் என்று மகன் கோபி மூச்சு விடாமல் சொன்னான். கூடத்தில் மாலை போட்ட படத்திலும் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் சிவப்பு 800 நின்றது. கதவில் பெரிதாக நம்பர். உள்ளே, வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமலிருக்கப் போடும் கறுப்புக் குழாய்க் கூண்டு. அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் சுற்றி நின்றார்கள்.

கௌதம் கூண்டைத் தட்டிப் பார்த்தான். கீழே படுத்து டார்ச் அடித்தான். ரேலி ஓடிய வண்டிக்குக் கல்லடி பட்டு அடிவயிறு முழுக்கத் தழும்பு இருக்கும். இதற்கோ ஒரு கீறல்கூட இல்லை. கூண்டு வண்டியின் உடம்போடு பற்றவைத்ததல்ல, நட்டுப் போட்டு முறுக்கியது. அதுவும் போர்வெல்லுக்குப் போடும் சாதா பைப்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். கோபி அவன் வாயையே பார்த்தான். மங்கம்மாவும் கண்ணிமைக்காமல் பார்த்தாள். பாவம், புருஷன் மானம் ஊர் நடுவே போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை விழுங்கினான்.

"அசல் ரேலி வண்டிங்க. உங்கப்பா பெரிய ஆளு கோபி" என்றான்.

கூட்டம் கை தட்டியது. கோபி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இதே காரை எடுத்துக்கொண்டு அடுத்த ரேலிக்குத் தானும் பேர் கொடுக்கப் போவதாகச் சொன்னான். சாருக்குப் பிரியாணி வாங்கி வருகிறேன் என்று பைக்கை முறுக்கிக்கொண்டு பறந்தான். ஊர்க்காரர்களும் மணியின் பெருமையைப் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

ஒரு பொய் இத்தனை நல்லது செய்யுமா என்று கௌதமுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் அநாவசியமாக எத்தனை பேரை நோகடித்திருக்கிறோம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

மங்கம்மா மட்டும் அங்கேயே நின்றாள்.

"பைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்?"

"தெரிஞ்சுதும்மா. எல்லாரும் இருந்தாங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி ரேலியை டிவியில் பார்த்ததோடு சரி. ஆசைக்கு அவரே இந்த வண்டியில் நம்பரும் பைப்பும் மாட்டிவைத்தார். நாற்பதுக்கு மேல் ஓட்டவே பயப்படுவார். விளையாட்டாகச் சொன்ன பொய்யை மகன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். அப்பன் ரத்தம் ஓடுகிறது என்று கிருஷ்ணகிரி ஹைவேயில் பைக்கில் பறந்து, ஏற்கெனவே விழுந்து காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பெற்ற தாய் உண்மையைச் சொன்னால், செத்துப்போன அப்பாவைக் கேவலப்படுத்துகிறாயா என்று சண்டைக்கு வருகிறான். எல்லாவற்றையும் சொல்லி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜூஜுவாடியில ஒருத்தரு வண்டிய, அத்தனை பேரு முன்னாடி போலின்னு சொன்னீங்களாமே. யாருக்கும் தாட்சண்யம் பார்க்காத மனுஷன், நீங்க சொன்னா எம்மகன் நம்புவான்னுதான் சார் உங்களைக் கூப்பிட்டேன்."