ஓடைக்கு மேல் சுற்றிய விமானம்

கல்வராயன் மலையிலிருந்து மாயவன் தங்கதுரைக்குப் போன் செய்தார். "காணாமப் போன எங்க பொண்ணு கெடச்சிட்டாங்க! காலைலேர்ந்து உங்க வெள்ள பிளேன் ஒரே ஓடைக்கு மேல சுத்திக்கினு இருந்துச்சு. அங்கதாங்க உசுரோட கெடந்தா. நல்லாருக்கணும் நீங்க." குரல் உடைந்து அழுதார்.

"நான் பறக்கவே இல்லியேப்பா" என்றார் தங்கதுரை. அவருடைய பழைய இரண்டு சீட்டு விமானத்தின் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கழற்றிப் பத்து நாளாகிறது.

குழப்பத்தோடு கரும்புத் தோட்டத்து ஷெட்டுக்குப் போனார். எஞ்சின் மேசைமேல் பிரித்தபடியே கிடந்தது. மெக்கானிக் மணிமொழி கையில் துணியோடு இறக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாயங்காலந்தாங்க தொடச்சேன். இது இன்னாங்க?"

பறக்கும்போது மோதி நசுங்கும் பூச்சிகள் இறக்கையின் முன்விளிம்பு நெடுக அப்பியிருந்தன. ஒன்றின் கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.