தூங்கியாச்சா, பிள்ளைகளா?

குளம் வற்றத் தொடங்கியதும் தவளை டீச்சர் குட்டிகளுக்குக் கோடைத் தூக்கம் பழக்க ஆரம்பித்தார். மழை வரும்வரை சேற்றுக்குள் தூங்காவிட்டால் வெயிலில் காய்ந்து கருவாடாக வேண்டியதுதான். வகுப்பில் இருந்தது நண்டுக்குட்டியும் நத்தைக்குட்டியும் மட்டும்.

"குழியைத் தோண்டு, தொம்முன்னு குதி, சேத்தை இழுத்துப் போர்த்து!" என்று டீச்சர் பாட்டாகவே பாடி, குதித்தும் காட்டினார். "யாரு நல்லாத் தூங்குறீங்களோ, மழை வந்ததும் அவங்களுக்கு இந்தக் குன்றிமணி!"

இரண்டும் ஆசையாகக் குதித்துப் போர்த்திக்கொண்டன.

"தூங்கியாச்சா, பிள்ளைகளா?"

"தூங்கியாச்சு டீச்சர்!" என்று கத்தியது நண்டு. நத்தையிடமிருந்து சத்தமே இல்லை.

"நண்டு எவ்வளவு சமத்து! இந்த நத்தைக்குத்தான் சொல்றது எதுவுமே ஏற மாட்டேங்குது" என்று டீச்சர் அலுத்துக்கொண்டார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். கோடை முழுக்க டீச்சர் கேட்டுக்கொண்டே இருக்க, நண்டு எழுந்து எழுந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் கண் சிவந்து, உடம்பு பாதியாகிவிட்டது.

ஒருவழியாக மழை கொட்டியது. நத்தை தன் ஓட்டின் மூடியைத் திறந்து, சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது. பக்கத்தில் டீச்சரும் நண்டும் நனைந்தது கூடத் தெரியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தூங்கியாச்சா, டீச்சர்?" என்று நத்தை மெல்லக் கேட்டது.

பதில் வரவில்லை. நத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குன்றிமணியை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் தண்ணீரில் இறங்கியது.