நீலப் புகை

“நீங்கல்லாம் என்னா மெக்கானிக் பாஸ்?”

சுகுமாறன் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட வந்திருந்த மாமனார் கார்த்திகேசுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மருமகன் இப்படி நடுரோட்டில் நின்று கத்துவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் இந்தப் புது டர்போ கார் படுத்தும் பாடு.

பட்டறைக்காரர் சபாபதி அசரவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “முதல்ல என்னா பிரச்சினைன்னு சொல்லுங்க” என்றார்.

“சிக்னல்ல நிக்குது. பச்சை விழுந்து மிதிச்சா பின்னால ஒரே புகை லா! கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி. பின்னாடி வர்றவன்லாம் ஹாரன் அடிக்கிறான்.”

“புகை என்னா கலர்?”

“புகை கலர்லதான் இருக்கு!”

சபாபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கறுப்புன்னா பெட்ரோல் கூடுதலா எரியுது. வெள்ளையா விடாம வந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள போகுது. நீலம்னா ஆயில் எரியுது. இருங்க, பார்ப்போம்.”

காரை முடுக்கி, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். பிறகு ஒரு மிதி. எக்ஸோஸ் குழாயிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது. கண்ணாடி போடாத கார்த்திகேசுவுக்கே தெரிந்தது, நீலம்தான்.

“அப்போ டர்போ போச்சா?” என்றார் பயந்துபோய்.

சபாபதி டர்போ பக்கமே போகவில்லை. இன்ஜினை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினார்.

“இங்க பாருங்க. மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நிக்குது. டர்போக்குப் போற ஆயில் திரும்பிக் கீழ இறங்கணும். கீழ இப்படி நிறைஞ்சு கிடந்தா எங்க போய் இறங்கும்? எக்ஸோஸ் பக்கம் கசிஞ்சு எரியுது.”

“யாரு இவ்ளோ ஊத்தினது?” சுகுமாறன் எகிறினான்.

கார்த்திகேசு குனிந்து டயரை ஆராய ஆரம்பித்தார்.

ஊற்றியது சாட்சாத் அவர்தான். முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர். அந்த லோரி வாரம் ஒரு போத்தல் ஆயில் குடிக்கும். ஊற்ற மறந்தால் நடுவழியில் நின்று மானத்தை வாங்கும். அந்தப் பழக்கம் விடவில்லை. மகள் வாணி போய்வருகிற வண்டியாயிற்றே என்று, வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி முடித்துக் கொஞ்சம் ஆயிலும் ஊற்றிவந்தார். கோட்டுக்கு மேலே இருந்தால் நல்லதுதானே!

மகள் வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே வேலை அந்தக் கார்தான். இனி அதுவும் போச்சு. மருமகன் எதிரே எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவது?

“நான்தான் பாஸ்” என்றார் சபாபதி.

கார்த்திகேசு திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“போன சர்வீஸ்ல அளவு தப்பிப்போச்சு. என் தப்புதான். கூடுதலா உள்ளதை இப்பவே இறக்கிடறேன். டர்போக்கு ஒண்ணும் ஆகல.”

சுகுமாறன் விட்டானா? “குறைஞ்சாலும் கெடுதி, கூடினாலும் கெடுதின்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! கம்பியில கோடு எதுக்குப் போட்டிருக்கான், அழகுக்கா? இனிமே அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு இருக்கக்கூடாது, சொல்லிட்டேன்!”

சபாபதி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சும்மா இருக்கக் கூடாதா கார்த்திகேசு? “பார்த்து வேலை செய்யணும் தம்பி” என்று தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தார். சொன்னதும் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதர், ஊர் பார்க்க ஏச்சு வாங்கினாரே! மருமகன் மேலும் ஆத்திரம் வந்தது. படித்த பிள்ளை பேசுகிற பேச்சா அது?

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய் நின்றார்.

“தம்பி, அந்த ஆயிலை ஊத்தினது நான். நேத்து வாயைத் திறக்கத் தைரியம் வரல. இன்னிக்கு மாப்ளகிட்ட நானே சொல்லிடறேன். என்னால உங்க பேரு கெடக்கூடாது.”

சபாபதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க அங்கிள். அவருக்குத் தெரியும்.”

“என்னா தெரியும்?”

“நீங்க ஊத்துறதை ஜன்னல் வழியா பார்த்துட்டாரு. முந்தாநாள் தனியா வந்தாரு. ‘மாமாகிட்ட நேரா சொன்னா மனசு உடைஞ்சிடும், அப்புறம் காரைத் தொடவே மாட்டாரு. நாளைக்குக் கூட்டிட்டு வரேன், பழியை நீங்க ஏத்துக்குங்க பாஸ். அவர் காதுல விழுற மாதிரி உங்களைத் திட்டிக்கறேன்’னாரு.”

கார்த்திகேசுவுக்குக் கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு, “இருந்தாலும் தம்பி, அவ்ளோ மோசமா பேசியிருக்க வேண்டாம். அவருக்கு இப்படி ஒரு வாய் இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார்.

“அட, நீங்க வேற! அவருக்கு எங்க அங்கிள் திட்டத் தெரியுது? ஒரு மணி நேரம் உக்கார வெச்சு, ஒவ்வொரு வார்த்தையும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்!”