சின்னராசா வீட்டு முக்காலி

சின்னராசா வீட்டு முக்காலியின் கால் மறுபடியும் கழன்றுவிட்டதாம். தேயிலைத் தண்டு ஏற்றிவந்த லொறிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஞானேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. தேயிலைத் தண்டுக் கழிவிலிருந்து கண்ணுக்கே தெரியாத நானோ நாரைப் பிரித்துப் பசையில் கலந்தால் ஒட்டு இறுகும் என்று, பதுளை ஆய்வுகூடத்தில் அவளும் அவள் மேலதிகாரி தனேஸ்வரன் சேரும் வருடக்கணக்காகப் பாடுபட்டிருந்தார்கள். ஆணியில்லாமல் அந்தப் பசையால் மட்டும் ஒட்டிய முக்காலிகளை, பரீட்சைக்காகத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அசையாமல் நிற்க, இது ஒன்று வாராவாரம் மானத்தை வாங்கியது.

சேர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் ஒட்டிவிட்டு வருவார். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதிலிருந்து மனைவி மக்கள் அங்கே, அவர் இங்கே. இந்த முறை அவளும் கூடப் போனாள்.

சின்னராசாவும் ஒற்றை ஆள்தான். பெண்சாதி இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளில். ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"காலு நிக்கவே மாட்டேங்குதுங்கய்யா" என்றார் சிரித்த முகத்தோடு.

சேர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சம்பலைத் தொட்டுக்கொண்டு, சின்னராசாவின் மகனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஞானேஸ்வரி கழன்ற காலை எடுத்துப் பார்த்தாள். ஒட்டு விடவே இல்லை. ஒட்டுக்குப் பக்கத்து மரம்தான் பிளந்திருந்தது, அலவாங்குக் கம்பியால் நெம்பிய தடத்தோடு. பசை மரத்தைவிடப் பலமாக இருந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கொட்டித் தீர்த்தாள்.

"சேர், பசையில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் வரவேணும் எண்டு அந்த மனுசன்தான் உடைக்கிறார். இப்பிடி ஏமாத்தலாமே?"

"தெரியும் பிள்ளை. முதல் தரமே மரத்தைப் பார்த்து விளங்கீட்டுது."

"பிறகும் ஏன் பேசாமல் போய்வாறியள்?"

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு கிழமை முழுக்க அவருக்குக் காய்ச்சல். சேதி வரேல்லை. எனக்கு இருப்புக் கொள்ளாமல் போய்ப் பார்த்தன். முக்காலி அசையாமல் நிண்டது. அண்டைக்கு அதை உடைச்சது நான்."