முழங்காலைத் தட்டிய கை

வேளாண் தொழிற்கல்வி ஆசிரியராகத் தேர்வு பெற்றவர்க்கு, கைதேர்ந்த உழவர் ஒருவரின் தொழிற்பழக்கத்தை மூளையில் செலுத்திய பின்னரே பயிற்சி தொடங்கும். நேர்காணலில் செண்பகவல்லி, “எங்கள் வீட்டில் எவரும் சேற்றில் கால் வைத்ததில்லை, ஐயா” என்று கூசாமல் சொல்லியிருந்தாள்.

முதல் நாள் அவள் வரப்பு வெட்டியபோது, நான்கு வெட்டுக்கு ஒருமுறை இடக்கை தானாகவே முழங்காலைத் தட்டியது. மாடு உதைத்த நாள்முதல் அவளுடைய அப்பாவிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது!

“அடடா, எவ்வளவு சுத்தமான வெட்டும்மா!” என்றார் பயிற்றுநர். “இந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர், ‘என் பேரை மட்டும் போட்டுடாதீங்க சார், டீச்சராகப் போற என் மகளுக்குத் தலைகுனிவாயிடும்’னு கெஞ்சினாரும்மா.”

“அந்த மகாராணி யாரோ!” என்று உடன் பயில்வோர் சிரித்தனர். செண்பகவல்லியும் சேர்ந்து சிரித்தாள். அதன்பின் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க அவளால் இயலவில்லை.